ஐசிமோட் மாதிரி அமைப்பில் மதிப்பீட்டு வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் குடிநீர்ப் பணிகளைக் கண்காணிக்கிறேன். நேபாளத்தில் உள்ள ஐசிமோட் (ICIMOD) என்ற மலைப்பகுதி மேம்பாட்டு அமைப்பின் திட்டமிடல், மதிப்பீட்டு வேலைக்கு விண்ணப்பிக்க ஆசை. இமயமலைப் பகுதிக்காக 1983இல் தொடங்கியது. இந்தியா, சீனா, பாகிஸ்தான் உட்பட 8 நாடுகள் உறுப்பினர்கள்.

எங்கள் ஊர்களுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வந்ததே, நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு உப்பு அதிகம் என்ற பிரச்சினைக்காகத்தான். எத்தனை குழாய் போட்டார்கள் என்று எண்ணிவிடலாம். குழாயில் வராத நாளில் மக்கள் பழைய போர் தண்ணீருக்கே போகிறார்களா என்பதுதான் உண்மையான கேள்வி. அப்புறம், ஃப்ளோரைடால் பல்லில் வரும் பழுப்புக் கறை. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீர்தான் பிறகு கறையாகத் தெரியும். அதனால் நல்ல தண்ணீரின் பலன் தெரியவே பல வருஷம் ஆகும். அதற்குள் திட்டக் காலம் முடிந்து, அறிக்கையும் போய்விடும். இது எனக்குப் பெரிய வருத்தம்.

பல நாட்டு அரசுகள் சேர்ந்து நடத்தும் திட்டங்களில் இந்த இடைவெளியை எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஒரு மாற்றம் தங்கள் திட்டத்தால்தான் வந்தது என்று எப்படிக் காட்டுகிறார்கள்? திட்டங்களை மதிப்பிட, ஓஇசிடி (OECD) என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு வகுத்த 6 அளவுகோல்களைப் படித்திருக்கிறேன். களத்தில் அவற்றைப் பயன்படுத்தும் விதம்தான் தெரிய வேண்டும். அனுபவமுள்ள அண்ணன், அக்கா யாராவது அரை மணி நேரம் போனில் பேசினால் பெரிய உதவி. தருமபுரி, கிருஷ்ணகிரியில் இருந்தால் நேரிலேயே வருகிறேன்.