பெயரே தெரியாத புதுக் கலைஞர்கள்: இசை விழாவில் யாரைப் பார்ப்பது என்று எப்படி முடிவு செய்வது?

தாளக்கட்டு:

மூன்று நாள் விழா, நான்கு மேடை, பட்டியலில் 110 பெயர். பத்துப் பேரைத்தான் தெரியும். எனக்கு ஆர்வம் போஸ்டரின் கடைசி வரிகளில் பொடி எழுத்தில் இருப்பவர்கள்மேல். இன்னும் நாலு வாரம் இருக்கிறது, தினமும் அரை மணி ஒதுக்கலாம். விழாக்காரர்கள் போட்ட பிளேலிஸ்ட்டில் பெரிய பெயர்களின் ஹிட்டுகளே சுற்றிச் சுற்றி வருகின்றன. ஸ்பாட்டிஃபையில் மாதாந்திரக் கேட்போர் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கலாமா? பதிவில் பிரமாதமாக இருந்து மேடையில் சொதப்புகிறவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?

பக்கவாத்தியம்:

அந்த எண்ணை வைத்துப் பிரிக்காதீர்கள். கடந்த 28 நாளில் ஒரு பாட்டையாவது கேட்ட தனித்தனி ஆட்களின் கணக்கு அது. தேடிப்போய்க் கேட்டார்களா, தானாக ஓடியதா என்பது அதில் தெரியாது. தூங்குவதற்கு, படிப்பதற்கு என்று போடும் பெரிய பிளேலிஸ்ட் ஒன்றில் ஒரு பாட்டு ஏறினாலே எண் எகிறும். அங்கிருந்து தூக்கிவிட்டால் அடுத்த மாதமே தரைதட்டும்.

கலைஞரின் ஸ்பாட்டிஃபை பக்கத்திலேயே பார்க்க வேண்டியவை வேறு. முதலில் ஃபாலோயர் எண். நாலு லட்சம் பேர் கேட்டும் ஃபாலோ செய்பவர்கள் மூவாயிரம்தான் என்றால் பாட்டு எங்கோ பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இருபதாயிரம் பேர் கேட்டு எட்டாயிரம் பேர் ஃபாலோ செய்தால் உண்மையான ரசிகர் கூட்டம் இருக்கிறது. அடுத்து, அதிகம் கேட்கப்பட்ட ஐந்து பாடல்கள். முதலாவது ஐம்பது லட்சம், இரண்டாவது நாற்பதாயிரம் என்று மலைக்கும் மடுவுக்குமாக இருந்தால், அந்த ஒரு பாட்டுக்காக மேடைக்குக் கீழே அரை மணி கால் கடுக்க நிற்க வேண்டிவரும். கீழே நகரங்களின் பட்டியலும் இருக்கும். கலைஞரின் சொந்த ஊர் முதலிடத்தில் இருந்தால், அங்கே நிகழ்ச்சி செய்து செய்தே ஆள் சேர்த்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நேரக் கணக்குக்கு வருவோம். தெரியாதவர்கள் 100. ஆளுக்கு இரண்டு பாட்டு, பாட்டுக்கு 90 வினாடி. மொத்தம் 300 நிமிடம், அதாவது உங்கள் அரை மணியில் பத்து நாள். இரண்டு பாட்டில் ஒன்று அதிகம் கேட்கப்பட்டது, மற்றது ஆகக் கடைசியாக வெளிவந்தது. விழாவில் பெரும்பாலும் புதுசைத்தான் வாசிப்பார்கள் என்பதால் இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். பாட்டைத் தொடக்கத்திலிருந்து கேட்காமல் ஒரு நிமிடம் தாண்டிய இடத்திலிருந்து கேளுங்கள். 30 வினாடி தாண்டினால்தான் ஸ்பாட்டிஃபையில் அது ஒரு ஸ்ட்ரீம். அதனால் முன்பகுதியை மட்டும் இழைத்து இழைத்துச் செய்துவிட்டு, பின்னால் அதையே ஒட்டிக் காலத்தை ஓட்டுகிற பாட்டுகள் நிறைய.

இருநூறையும் ஒரே பிளேலிஸ்ட்டில் போட்டு, கலைத்துவிட்டு, பெயரைப் பார்க்காமல் கேளுங்கள். மதிப்பெண் வேண்டாம். 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே பெட்டி. 'பார்க்கலாம்' என்று மூன்றாவது பெட்டியைத் திறந்தீர்களானால் அறுபது பேர் அதில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

கமகம்:

மேடைச் சொதப்பல் பற்றி. 'ஆம்' பெட்டியில் முப்பது பேர் தேறினால் ஆளுக்குப் பத்து நிமிடம் நேரடி வீடியோ பாருங்கள். இன்னொரு பத்து நாள் ஆகும், நாலு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

எந்த வீடியோ என்பதில்தான் சூட்சுமம். குழுவே வெளியிட்ட 'லைவ் செஷன்' வீடியோக்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒலியைப் பின்னால் சீர்செய்திருப்பார்கள், நாலு தடவை பாடியதில் நல்லதைப் போட்டிருப்பார்கள். அமெரிக்காவின் என்.பி.ஆர் வானொலி 2008 முதல் நடத்தும் டைனி டெஸ்க் என்ற நேரடி இசை நிகழ்ச்சியில் பாடகரின் குரலை அந்த அறைக்குள் ஸ்பீக்கரில் பெருக்குவதில்லை. அங்கே டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே சுதி விலகாமல் பாடுகிறவர் எந்த மேடையிலும் பாடுவார். சியாட்டில் வானொலியான கே.ஈ.எக்ஸ்.பி.யின் ஸ்டூடியோ நிகழ்ச்சிகளும் நம்பகமானவை. ஆனால் உங்கள் கடைசி வரிக் கலைஞர்களில் பலர் இங்கெல்லாம் இன்னும் எட்டியிருக்க மாட்டார்கள். டைனி டெஸ்க் போட்டிக்கு அனுப்பிய வீடியோ யூடியூபில் இருக்கிறதா என்று தேடலாம். இசை நிறுவன ஒப்பந்தம் கிடைக்காத கலைஞர்களுக்கான போட்டி அது. கெய்லின் லீ 2016-லும், டாங்க் அண்ட் த பாங்காஸ் 2017-லும் வென்றார்கள்.

எதுவுமே இல்லையென்றால் ரசிகர்கள் கைபேசியில் எடுத்தது போதும். கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். பாஸ் (தாழ்ந்த அதிர்வொலி) உடைந்து கேட்டால் அது மைக்கின் கோளாறு, குழுவைக் குறை சொல்லாதீர்கள். மேடையில் நிற்கும் ஆட்களை எண்ணுங்கள். இரண்டு பேர் நிற்க, ஐந்து வாத்தியமும் கோரஸும் கேட்டால் மிச்சமெல்லாம் முன்பே பதிவுசெய்த டிராக்கில் ஓடுகிறது. அது தப்பில்லை, ஆனால் நீங்கள் பார்க்கப் போவது பதிவையேதான். இரண்டு பாட்டுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்றும் கவனியுங்கள். சுதி சேர்க்க ஒன்றரை நிமிடம் மௌனமாக நிற்கிற குழு, 30 நிமிட ஸ்லாட்டில் நாலு பாட்டோடு இறங்கிவிடும்.

இதையெல்லாம்விட ஒரு எண் முக்கியம்: கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நிகழ்ச்சி. அவர்களுடைய பக்கத்திலும், நிகழ்ச்சிகளில் வாசித்த பாட்டுகளைத் தொகுக்கும் செட்லிஸ்ட் எஃப்எம் தளத்திலும் பார்க்கலாம். பதினைந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இரண்டு என்றால் யோசியுங்கள், பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

சுதிப்பெட்டி:

அட, இவ்வளவு வீட்டுப்பாடமா! ஏற்கெனவே சலித்து வைத்தவர்களின் வேலையைத் திருடுங்கள். ஜனவரியில் க்ரோனிங்கனில் யூரோசோனிக், மார்ச்சில் ஆஸ்டினில் சவுத் பை சவுத்வெஸ்ட், மே மாதம் பிரைட்டனில் தி கிரேட் எஸ்கேப், செப்டம்பரில் ஹாம்பர்க்கில் ரீப்பர்பான். இவை புதுமுகங்களை விழா ஏற்பாட்டாளர்களுக்குக் காட்டும் இடங்கள். கலைஞர் பட்டியல் பொதுவில் கிடைக்கும். உங்கள் 100 பேரில் யார் அதில் இருக்கிறார்கள் என்று ஒப்பிட அரை மணி போதும்.

இன்னொரு குறுக்குவழி, கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம். ஆல்பம் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். ஒருவரைச் சொடுக்கினால் அவர் காசு கொடுத்து வாங்கிய மொத்தச் சேகரிப்பும் திறக்கும். உங்களுக்குப் பிடித்த சின்னக் குழு ஒன்றை வாங்கிய நாலைந்து பேரின் சேகரிப்பில் உங்கள் விழாப் பட்டியலிலுள்ள பெயர் திரும்பத் திரும்பத் தட்டுப்பட்டால், அதைவிடப் பெரிய சிபாரிசு எந்த அல்காரிதமும் தராது.

தாளக்கட்டு:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரத்தில் 31 பேர் தேறினார்கள். நேர அட்டவணை வந்துவிட்டது, பாதிப் பேர் ஒரே நேரத்தில் மோதுகிறார்கள். பாதி இவர், பாதி அவர் என்று பார்க்கலாமா?

பக்கவாத்தியம்:

பாதிப் பாதி என்பது காகிதத்தில் மட்டும் அழகு. மேடைக்கு மேடை நடக்கப் பத்து நிமிடம் என்றால் 30 நிமிட நிகழ்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு நடையிலேயே போச்சு. ஒன்றை வெட்டுங்கள். வெட்ட மனம் வராவிட்டால், யார் மறுபடி கைக்கெட்டும் தூரத்தில் வாசிக்கப் போகிறார்கள் என்று பாருங்கள், அவரை விடலாம். தொலைவிலிருந்து வந்தவருக்கு முன்னுரிமை.

முதல் பாட்டில் முடிவெடுத்து நகராதீர்கள். சின்ன மேடையில் முழு சவுண்ட்செக்குக்கு நேரம் கிடைக்காது. ஒவ்வொரு மைக், வாத்திய லைனிலும் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கிவிடுவார்கள். குரல் அமுங்கி, கிக் டிரம் மட்டும் முட்டுவது பெரும்பாலும் அதனால்தான், இரண்டாவது பாட்டுக்குள் இன்ஜினியர் சரிசெய்துவிடுவார். நிற்க நல்ல இடம் அவருடைய மிக்சிங் டெஸ்க்குக்குச் சற்று முன்னால். அவர் காதுக்கு ஏற்றபடிதான் எல்லாம் அமைகிறது.

மென்மையான அகூஸ்டிக் நிகழ்ச்சி எதையாவது குறித்திருந்தால், அதே நேரத்தில் பக்கத்துப் பெரிய மேடையில் யார் என்று பாருங்கள். பாஸ் கூடாரத் துணியை மதிக்காது. கிளாஷ்ஃபைண்டர் தளத்தில் உங்கள் விழாவுக்கு அட்டவணை போட்டிருந்தால் எல்லா மேடையும் ஒரே கட்டத்தில் தெரியும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், கூட்டம் கூடியதும் நெட்வொர்க் படுத்துவிடும். நேர மாற்றம் விழா ஆப்பில்தான் முதலில் வரும், சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கமகம்:

இரண்டு சின்ன விஷயம். ஒரே பெயரில் இரண்டு மூன்று கலைஞர்கள் இருப்பது சகஜம், பாட்டுகள் ஒரே பக்கத்தில் கலந்தும் கிடக்கும். பெயரைத் தேடிப் போகாமல் விழா தளத்தில் கொடுத்த இணைப்பு வழியாகவே போய், அந்த 31 பேரையும் ஒருமுறை சரிபாருங்கள். எலக்ட்ரானிக் ஆட்களின் பெயருக்குப் பக்கத்தில் 'லைவ்' என்று போட்டிருந்தால் சொந்தக் கருவிகளோடு தங்கள் பாட்டையே வாசிப்பார்கள். அது இல்லையென்றால் பெரும்பாலும் டிஜே செட், மற்றவர்கள் பாட்டும் வரும். அவர்களுக்கு ஆல்பத்தைக் கேட்டுப் பயனில்லை, சவுண்ட்கிளவுடில் சமீபத்திய ஒரு மணி நேர மிக்ஸைப் போட்டு நடுவில் இருபது நிமிடம் கேளுங்கள்.