ஸ்டெம் செல்லில் இருந்து விந்தணு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எனக்கு வயது 36, ஊர் கும்பகோணம் பக்கம். விந்தில் அணுவே இல்லை. அடைப்பு இல்லை, உற்பத்தியே இல்லையாம். எஃப்எஸ்ஹெச் (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) அதிகம், குரோமோசோம் டெஸ்ட் நார்மல். ஹார்மோன் ஊசி போட்டாயிற்று, போன வருடம் தஞ்சாவூரில் பயாப்சி, அப்புறம் திருச்சியில் மைக்ரோ டீசி (மைக்ரோஸ்கோப் வைத்து விரைக்குள் விந்தணு தேடும் ஆபரேஷன்), ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது ஒரு மையத்தில், எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லை (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) எடுத்து லேபிலேயே விந்தணுவாக்கித் தருகிறோம், குறுவை அறுப்புப் பணம் வந்ததும் அட்வான்ஸ் கட்டுங்கள் என்கிறார்கள். நான் படித்தவரை 2011இல் ஜப்பானில் ஹயாஷி, சைட்டோ குழு சுண்டெலியில் குட்டி வரை கொண்டுவந்தது, அதுவும் கருநிலை ஸ்டெம் செல்லில் தொடங்கி, லேபில் பாதி வளர்த்து, மீதியை உயிருள்ள எலியின் விரைக்குள் வைத்துத்தான். மனிதரில் இப்படி ஒரு குழந்தைகூடப் பிறந்ததாகக் காணோம். வீட்டில் கட்டிவிடலாம் என்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. கட்டுவதற்கு முன் இவர்களிடம் எந்த அனுமதிக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்?