மறு: பொழுது நகராத கோளின் அந்திப் பட்டைக்கு என்ன சொல்?

> 'இருள்நிலம்' என்றே வைத்துவிடலாமே. கதையில் சட்டென்று புரியும்.

தப்பாகப் புரியும். விண்மீனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டும் கோளில், பகலுக்கும் இரவுக்கும் நடுவே இருப்பது வெறும் கோடு இல்லை. காற்றுமண்டலம் ஒளியைச் சிதறடிப்பதால் அது அகலமான பட்டை. பூமியின் அளவும் காற்றும் உள்ள கோள் என்றால் ஒரு பாகைக்கு 111 கி.மீ. விண்மீன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை வரை, அதாவது முதல் 670 கி.மீ., விளக்கில்லாமல் வேலை பார்க்கலாம். 12 பாகை வரை (1,330 கி.மீ.) மரத்தின் உருவம் மட்டும் தெரியும். 18 பாகை, 2,000 கி.மீ. தாண்டினால்தான் முழு இருட்டு. 'இருள்நிலம்' அதற்கப்பால் உள்ளதற்கு.

> அப்படியானால் 'செவ்வந்தி நிலம்'?

பூந்தோட்டம் என்று நினைத்துவிடுவார்கள்! நிறமும் சிக்கல். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரியின் வெப்பநிலை சுமார் 3,000 கெல்வின், பழைய குண்டு பல்பை ஒட்டியது. பகல் பக்கத்தை ரத்தச் சிவப்பாக வர்ணிப்பது மிகை. பட்டைக்குள் போகப் போக மனிதக் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் கறுக்கும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகும். பாத்திரத்தின் கையில் தீப்பந்தம் கொடுத்தால் அதுவும் போச்சு.

என் பரிந்துரை 'கருக்கல் நிலம்'. 'மசங்கல்' என்றும் ஒரு சொல் உண்டு, ஆனால் அது மாலைக்கு மட்டும். கருக்கல் விடியலுக்கு முன்னும் வரும், பொழுது சாய்ந்தபின்னும் வரும். விடியவும் அடையவும் செய்யாத இடத்துக்கு அந்த நடுநிலை வேண்டும். மேலே சொன்ன 6, 12, 18 பாகை எல்லைகளின்படி முன்கருக்கல், நடுக்கருக்கல், கடைக்கருக்கல் என மூன்றாகப் பிரிக்கலாம். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக இணைத்தது. இங்கே பொழுதே நிலமாகிவிடுகிறது. பொழுது மாற ஆள்தான் நடக்க வேண்டும்: 24 மணி நேரத்துக்கு 30 கி.மீ. என்றால் முன்கருக்கலைக் கடக்க 22 நாள்.

---

கருக்கலைக் 'கருகல்' என்று படிப்பவர்கள் இருப்பார்கள், இருந்தாலும் உங்கள் பரிந்துரையை ஏற்கிறேன். ஒரு நிபந்தனை: சுற்றுப்பாதை வட்டமாக இருக்க வேண்டும். மையத்தொலைத்தகவு (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நீள்கிறது என்ற அளவு) 0.05 இருந்தாலே, நிலநடுக்கோட்டில் நிற்பவருக்கு விண்மீன் இருபுறமும் 5.7 பாகை அளவுக்கு ஏறி இறங்கும். பிராக்சிமா செண்டாரியின் கோளான பிராக்சிமா பி போல 11.2 நாளில் சுற்றும் கோளில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை. அப்போது நிலநடுக்கோட்டை ஒட்டிய முன்கருக்கலில் ஏறக்குறைய எல்லா ஊரும் விடியலைப் பார்த்துவிடும். துருவப் பக்கம் மட்டும் அசையாது. அந்த ஆடும் ஓரத்துக்கு 'ஊசல் கருக்கல்' என்று தனிச்சொல் வையுங்கள். பாறைக்குப் பின்னால் உருகாத பனி, ஒரே பக்கம் சாய்ந்த மரம் எல்லாம் அங்கேயும் செல்லும்; விண்மீன் ஏறி இறங்கினாலும் ஒளி வருவது ஒரே பக்கத்திலிருந்துதான்.