137 என்று சொல்லிக் குபர்நெட்டிஸ் பாட் விழுந்துகொண்டே இருக்கிறது, அவசர உதவி தேவை

வெள்ளைப்பணியாரம்:
வணக்கம். எங்கள் பில்லிங் சர்வீஸ் குபர்நெட்டிஸில் (கன்டெய்னர்களைப் பல சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) ஓடுகிறது. அதன் பாட், அதாவது கன்டெய்னர் ஓடும் அலகு, முந்தாநாளிலிருந்து நிற்காமல் ரீஸ்டார்ட் ஆகிறது. எக்ஸிட் கோட் 137. கோடில் யாரும் கை வைக்கவில்லை. இதே கன்டெய்னர் இமேஜ், இதே யாம்ல் செட்டிங்ஸ் ஃபைல், போன வாரம் வரை ஒழுங்காக ஓடியது. லாகில் ஒன்றும் இல்லை, பாதி வரியிலேயே அறுந்துவிடுகிறது. மெமரி லிமிட்டைக் கூட்டினேன், கொஞ்சநேரம் கூடுதலாகத் தாங்கிவிட்டு மறுபடி விழுகிறது. நாளைக் காலை மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டும். யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

அப்புறம் இன்னொரு கேள்வி. காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு டெவாப்ஸ் (சாஃப்ட்வேரை சர்வர்களில் ஏற்றி ஓட்டும்) வேலை பார்க்கிறேன். இனி ஆபீசுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்கிறார்கள். சி.கே.ஏ. என்ற குபர்நெட்டிஸ் நிர்வாகிச் சான்றிதழ்த் தேர்வு எழுதினால் ஊரில் இருந்தே வேறு வேலை பார்த்துக்கொள்ள முடியுமா?

கந்தரப்பம்:
தம்பி, எந்த மொழியில் எழுதிய சர்வீஸ்? லிமிட் எவ்வளவு இருந்தது, எவ்வளவாகக் கூட்டினீர்கள்? குபெக்டில் டிஸ்கிரைப் பாட் என்ற கமாண்ட் அடித்தால் 'லாஸ்ட் ஸ்டேட்' என்ற இடத்தில் 'ரீசன்' என்ன காட்டுகிறது? ஓஓஎம்கில்ட் (மெமரி வரம்பைத் தாண்டியதால் கொல்லப்பட்டது) என்றா, வெறும் எரர் என்றா? கிளவுடா, சொந்த சர்வரா? இவ்வளவும் தெரிந்தால்தான் பேச முடியும்.

தேவகோட்டை_டாக்கர்:
மெமரி லீக், அதாவது வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்காமல் சேர்த்துக்கொண்டே போகிறது. லிமிட்டைக் கூட்டினால் கூடுதல் நேரம் தாங்குகிறது என்றால் வேறு என்னவாக இருக்கும்? எங்கள் டீமில் டேட்டாபேஸ் கனெக்‌ஷனை மூடாமல் விட்டதால் அச்சு அசலாக இப்படித்தான் வந்தது. ஹீப் டம்ப், அதாவது மெமரியில் இருப்பதை அப்படியே ஃபைலாக, எடுத்துப் பாருங்கள், எந்த ஆப்ஜெக்ட் குவிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நடுராத்திரி_போன்:
உடனே லீக் என்று முடிவுகட்ட வேண்டாம். 137 என்பது 128 உடன் 9, அதாவது சிக்கில் (உடனே கொல்லும் சிக்னல்) வந்து செத்தது என்பது மட்டும்தான். மெமரி தீர்ந்தால்தான் சிக்கில் வரும் என்றில்லை. லைவ்னெஸ் புரோப் (சர்வீஸ் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) தோற்றால், சர்வரில் ஓடும் குபர்நெட்டிஸ் ஏஜென்ட்டான குபெலெட் முதலில் சிக்டெர்ம், அதாவது முடித்துக்கொள் என்ற சிக்னல், அனுப்பும். 30 நொடி காத்திருக்கும், அதுதான் டீஃபால்ட். அதற்குள் புரோசஸ் அடங்காவிட்டால் சிக்கில். அப்போதும் 137தான் வரும். புரோப் டைம்அவுட்டை 1 நொடியிலேயே விட்டிருப்பீர்கள், அதைக் கூட்டுங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இதுதான்.

பழைய_டெர்மினல்:
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. மொழி இல்லை, வெர்ஷன் இல்லை, லிமிட் இல்லை. நாங்கள் என்ன சோசியம் பார்த்தா சொல்ல முடியும்? இப்போது வருகிறவர்கள் புரோசஸ் என்றால் என்ன, சிக்னல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே குபர்நெட்டிஸில் குதித்துவிடுகிறார்கள். ஒரு பில்லிங் சர்வீஸுக்கு எதற்கு இவ்வளவு? ஒரு விஎம் (மெய்நிகர் சர்வர்), அதில் லினக்ஸின் சிஸ்டம்டி யூனிட் ஒன்று, போதும். முதலில் லினக்ஸைப் படியுங்கள் தம்பி. சி.கே.ஏ. எல்லாம் பிறகு பார்க்கலாம்.

வெள்ளைப்பணியாரம்:
ஜாவா, ஸ்பிரிங் பூட். லிமிட் 1 ஜிபி இருந்தது, 2 ஆக்கினேன். ரீசன் ஓஓஎம்கில்ட். சொந்த சர்வர்கள். ஹீப் டம்ப் ஃபிளாக் முன்பே போட்டுத்தான் இருக்கிறது, ஆனால் ஃபைல் எதுவும் விழவில்லை.

தேவகோட்டை_டாக்கர்:
ஜாவா என்றால் சந்தேகமே இல்லை, லீக்தான். டம்ப் விழுகிற பாதைக்கு எழுதும் அனுமதி இருக்கிறதா? வால்யூம் மவுன்ட் செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் கன்டெய்னர் போகும்போது டம்ப்பும் கூடவே போய்விடும்.

கந்தரப்பம்:
ஓஓஎம்கில்ட் என்று வந்துவிட்டதால் புரோப் கதையை விடலாம். டம்ப் விழாததையும் நான் அனுமதிப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. ஹீப் (ஜாவா ஆப்ஜெக்ட்கள் தங்கும் மெமரி) நிறைந்து ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் புரோகிராம்) தானே அவுட்ஆஃப்மெமரி எரர் எறிந்தால்தான் அந்த ஃபிளாக் வேலை செய்யும். இங்கே கொன்றது ஓஎஸின் உட்கருவான கர்னல். ஜேவிஎம்முக்கு மூச்சுவிடக்கூட நேரம் இருந்திருக்காது, லாக் பாதி வரியில் அறுவதும் அதனால்தான். அப்படியானால் ஹீப்பின் உச்சவரம்பு கன்டெய்னர் லிமிட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

இப்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். எக்ஸ்எம்எக்ஸ், அதாவது ஹீப்பின் உச்சவரம்பு, கொடுத்திருக்கிறீர்களா? ஜாவா வெர்ஷன் கடைசி எண் வரை என்ன? அப்ளிகேஷனை விடுங்கள், அதற்குக் கீழே ஏதாவது மாறியதா, நோடு (பாட் ஓடும் சர்வர்), ஓஎஸ், கர்னல், எதுவானாலும்?

ஓசூர்_தாண்டி:
டெக்னிக்கல் பக்கத்தைக் கந்தரப்பம் அக்கா பார்த்துக்கொள்கிறார், நான் வேலை விஷயம் சொல்கிறேன். கூப்பிடுகிறார்கள் என்றால் போங்கள். டெவாப்ஸைப் பக்கத்து மேஜைக்காரரிடமிருந்துதான் கற்க முடியும். பெரிய அவுட்டேஜ் வந்தபோது எங்கள் சீனியர் எந்த வரிசையில் எதைப் பார்த்தார் என்று அருகில் நின்று கவனித்தேன், அது எந்த கோர்ஸிலும் கிடையாது. ஊரில் தனியாக உட்கார்ந்தால் தேங்கிப் போவீர்கள். பெங்களூரு இல்லாவிட்டால் சென்னையாவது.

செக்காலை_ரோடு:
தேங்கிப் போவீர்கள் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லாதீர்கள். அழகப்பா பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு ஊரை விட்டுப் போனவர்களில் நானும் ஒருவன், திரும்பி வந்தும் பல வருடம் ஆகிறது. ஆன்கால் எடுக்கிறேன், அவுட்டேஜ் பார்க்கிறேன், திரையைப் பகிர்ந்துகொண்டே ஜூனியர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஆனால் ஊரில் வேலை பார்க்க ஏற்பாடு வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். இன்வெர்ட்டர் மட்டும் போதாது, ரவுட்டருக்குத் தனி பேட்டரி வேண்டும். இரண்டு வெவ்வேறு கம்பெனி இணைப்பு வேண்டும், இரண்டும் ஒரே கம்பத்தில் வரக்கூடாது.

பள்ளத்தூர்_வளவு:
செக்காலை அண்ணே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடு என்றால் முகப்பில் ரவுட்டர் வைத்துவிட்டு வைஃபையை நம்பி இரண்டாம் கட்டில் (வீட்டின் உள்பகுதியில்) உட்காராதீர்கள். அந்தச் சுவர்களைத் தாண்டி சிக்னல் வராது. நாங்கள் முகப்பிலிருந்து வளவு (உள்முற்றம்) ஓரமாகவே ஈதர்நெட் கேபிள் இழுத்து, உள்கட்டில் இன்னொரு அக்சஸ் பாயின்ட் வைத்தோம். சுவரில் துளை போட ஐயா சம்மதிக்கவில்லை, கதவு நிலைக்கு மேலே இருந்த காற்றுத் துவாரம் வழியாகக் கொண்டுபோனோம். அதன் பிறகு ஒரு மீட்டிங்கும் அறுந்ததில்லை.

ஓசூர்_தாண்டி:
இணைப்பு இருப்பதால் மட்டும் வேலை வளராது. அடுத்த பதவிக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள், கண்ணெதிரே இருப்பவரைத்தான்.

செக்காலை_ரோடு:
அது அந்தந்தக் கம்பெனியைப் பொறுத்தது. எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்றால் இங்கே வீடுகள் பூட்டித்தான் கிடக்கும், ஏற்கெனவே எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். கொண்டுவிற்க, அதாவது வாணிபம் செய்ய, ஒரு காலத்தில் பர்மா போனார்கள், வேறு வழி இல்லை. இப்போது வழி இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்?

நடுராத்திரி_போன்:
இரண்டு பேரும் தனியாக ஓர் இழை தொடங்கினால் நன்றாக இருக்கும். தம்பிக்கு நாளைக் காலை பதில் வேண்டும்.

வெள்ளைப்பணியாரம்:
எக்ஸ்எம்எக்ஸ் கொடுக்கவில்லை. ஜாவா 11.0.11. நோடுகளை இன்ஃப்ரா டீம் சனிக்கிழமை மாற்றியது. முன்பு உபுண்டு 20.04, இப்போது 22.04. ரேம் அதே 16 ஜிபிதான். அப்ளிகேஷனில் எதுவும் மாறவில்லை என்பதால் எழுதவில்லை.

கந்தரப்பம்:
இதுதான். இனி வேறு எங்கும் தேட வேண்டாம்.

சிகுரூப் என்பது ஒவ்வொரு கன்டெய்னருக்கும் இவ்வளவு மெமரி என்று கர்னல் வரம்பு கட்டும் வசதி. உபுண்டு 20.04 டீஃபால்ட்டாக சிகுரூப் 1இல் ஓடும், 22.04 சிகுரூப் 2இல். கன்டெய்னருக்கு எவ்வளவு மெமரி என்ற எண் இருக்கும் இடமும் ஃபைலின் பெயரும் இரண்டிலும் வேறு. முன்னதில் மெமரி.லிமிட்_இன்_பைட்ஸ், பின்னதில் மெமரி.மேக்ஸ். உங்கள் 11.0.11க்குப் பழைய இடம்தான் தெரியும். அங்கே போய்ப் பார்க்கிறது, ஒன்றும் இல்லை. உடனே லிமிட்டே கிடையாது என்று எடுத்துக்கொண்டு மொத்த நோடின் 16 ஜிபியைக் கணக்கில் வைக்கிறது. எக்ஸ்எம்எக்ஸ் இல்லாவிட்டால் பார்க்கும் மெமரியில் கால் பங்குவரை ஹீப், அதாவது 4 ஜிபி. பந்தியில் தனக்கு ஓர் இலைதான் என்று தெரியாமல், அடுப்படியில் இருக்கும் அண்டாவைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த மாதிரி. நீங்கள் கொடுத்தது 1 ஜிபி, பிறகு 2. இரண்டையும் அது தாண்டும், கர்னல் கொல்லும். முன்பு 1 ஜிபி லிமிட் கண்ணில் பட்டதால் ஹீப் 256 எம்பிக்குள் அடங்கி இருந்தது. அதனால்தான் இத்தனை நாள் ஓடியது.

என்னை நம்பி மாற்ற வேண்டாம், முதலில் சரிபாருங்கள். நோடில் ஸ்டாட் கமாண்டை, ஃபைல்சிஸ்டம் வகையைக் காட்டும் ஆப்ஷனோடு சிஸ் எஃப்எஸ் சிகுரூப் பாதையில் அடியுங்கள். சிகுரூப்2எஃப்எஸ் என்று வந்தால் புதியது, டிஎம்பிஎஃப்எஸ் என்று வந்தால் பழையது. பிறகு கன்டெய்னருக்குள் போய் ஜாவாவை பிரின்ட்ஃபிளாக்ஸ்ஃபைனலோடு ஓட்டி மேக்ஸ்ஹீப்சைஸைப் பாருங்கள். 4 ஜிபிக்குப் பக்கத்தில் இருந்தால் முடிந்தது.

இன்று இரவுக்கு, இமேஜைத் தொடாமல் ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் எக்ஸ்எம்எக்ஸ் கொடுங்கள். லிமிட் 1 ஜிபி என்றால் 600 எம்பி போல. முழு லிமிட்டையும் ஹீப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். மெட்டாஸ்பேஸ், கோட் கேஷ், டைரக்ட் பஃபர், திரெட் ஒவ்வொன்றுக்கும் 1 எம்பி வரை ஸ்டாக், எல்லாம் ஹீப்புக்கு வெளியே உட்காரும். நாளைக்கு 11.0.16 அல்லது அதற்குப் பிந்திய இமேஜுக்கு மாறுங்கள். அந்த வெர்ஷனிலிருந்துதான் ஜாவா 11க்கு சிகுரூப் 2 புரியும். மாறிய பிறகு மேக்ஸ்ராம்பர்சென்டேஜை (லிமிட்டில் ஹீப்புக்கு எத்தனை சதவீதம் என்பதை) 60, 65 என்று வைத்துக்கொண்டால் லிமிட்டை மாற்றும்போதெல்லாம் எக்ஸ்எம்எக்ஸ் மாற்றும் வேலை இல்லை. ஜாவா 17க்குப் போகலாம், ஆனால் பழைய லைப்ரரிகள் சில ஜாவாவின் (ஜேடிகே) உள்பகுதிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும், 17 அதை விடாது. அவசரத்தில் வேண்டாம்.

பழைய_டெர்மினல்:
இவ்வளவு தூரம் போக வேண்டாம். நோடின் பூட் பாராமீட்டரில் சிஸ்டம்டியின் யூனிஃபைட் சிகுரூப் ஹைரார்க்கியை 0 ஆக்கி ரீபூட் செய்தால் பழைய சிகுரூப் திரும்ப வந்துவிடும். ஒரே வரி. அப்ளிகேஷன் டீமைத் தொந்தரவு செய்யவே வேண்டாம்.

கந்தரப்பம்:
வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பழைய இமேஜுக்காக எல்லா நோடுகளையும் பின்னால் இழுப்பது சரியில்லை. குபர்நெட்டிஸில் சிகுரூப் 2 ஆதரவு 1.25லேயே நிலையாகிவிட்டது, 1.31இல் சிகுரூப் 1ஐ வெறும் பராமரிப்பு நிலைக்குத் தள்ளிவிட்டார்கள். இன்று தவிர்த்தாலும் நாளை இதே இடத்துக்குத்தான் வர வேண்டும்.

பழைய_டெர்மினல்:
புரொடக்‌ஷனில் முதலில் நிலைமையைச் சீராக்க வேண்டும், சரியான வழியைப் பிறகு பேசலாம். நான் பார்த்த அளவுக்கு நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

நடுராத்திரி_போன்:
அண்ணே, நோடை ரீபூட் செய்தால் அதில் இருக்கும் மற்ற பாட்களையும் டிரெயின் செய்து வேறு நோடுகளுக்கு அனுப்ப வேண்டும். ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் ஒரு டிப்ளாய்மென்ட்டை, அதாவது இந்த ஒரு சர்வீஸை, மட்டும்தான் தொடும். நள்ளிரவில் எது பாதுகாப்பு என்று நீங்களே சொல்லுங்கள். புரோப் என்று நான் சொன்னதும் இந்த இடத்தில் பொருந்தவில்லை, அக்கா சொல்வதுதான் வழி.

தேவகோட்டை_டாக்கர்:
ஹீப்பைச் சரியாக வைத்த பிறகும் மெமரி ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். அப்படி ஏறினால் லீக்கும் கூடவே இருக்கிறது.

கந்தரப்பம்:
அது சரியான யோசனை. லீக் ஹீப்புக்குள் என்றால் அப்போது ஜேவிஎம்மே எரர் எறியும், டம்ப்பும் விழும்.

சி.கே.ஏ. பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. 2 மணிநேரத் தேர்வு, கொள்குறி வினா கிடையாது, டெர்மினலில் உட்கார்ந்து கிளஸ்டரைச் சரிசெய்து காட்ட வேண்டும். 66 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தேர்வின்போது குபர்நெட்டிஸ் ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம், தவறினால் ஒரு முறை கூடுதல் கட்டணம் இல்லாமல் மறுபடி எழுதலாம். சான்றிதழ் 2 வருடம்தான் செல்லும். வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கேமராவில் ஆள் பார்த்துக்கொண்டே இருப்பார். பராமரிப்பு மின்தடை நாளாகப் பார்த்துத் தேதி வாங்கிவிடாதீர்கள். சான்றிதழால் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள், அதற்கு நிச்சயம் உதவும். உள்ளே போனதும் கேட்பது என்ன உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றுதான். இந்த 137ஐ முழுவதும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செக்காலை_ரோடு:
நான் ஆட்களை நேர்காணல் செய்கிறவன், அக்கா சொல்வது உண்மை. சிகுரூப் மாறியதை ஒருவர் விளக்கிச் சொன்னால் அவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் கேட்க மாட்டேன்.

ஓசூர்_தாண்டி:
நீங்கள் கேட்க மாட்டீர்கள், சரி. எச்.ஆர். கேட்பார்கள்.

வெள்ளைப்பணியாரம்:
மேக்ஸ்ஹீப்சைஸ் 4 ஜிபிதான் காட்டியது. எக்ஸ்எம்எக்ஸ் 600 எம்பி வைத்தேன், ரீஸ்டார்ட் ஆவது நின்றுவிட்டது. லிமிட்டைத் திரும்ப 1 ஜிபி ஆக்கிவிட்டேன். இமேஜ் மாற்ற டிக்கெட் போட்டாயிற்று. நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி.

பள்ளத்தூர்_வளவு:
சென்னை போவதா இல்லையா என்று சொல்லவே இல்லையே தம்பி?

குன்றக்குடி_மலையேறி:
இந்த இழையைத் தேடித்தான் வந்தேன், எங்களுக்கும் நோடு மாற்றிய பிறகு 137 வருகிறது. ஆனால் எங்களுடையது ஜாவா 8. மேலே போக இப்போதைக்கு வழியில்லை. 8க்கு இது சரிசெய்யப்பட்டிருக்கிறதா?

கந்தரப்பம்:
சரிசெய்திருக்கிறார்கள், 8யு372 வெர்ஷனிலிருந்து. உங்கள் இமேஜில் ஜாவா வெர்ஷன் அடித்துப் பாருங்கள், அதற்குக் குறைவாக இருந்தால் இமேஜை மாற்றும்வரை எக்ஸ்எம்எக்ஸ் வைத்து ஓட்டுங்கள். லிமிட் எவ்வளவு, நோடில் ரேம் எவ்வளவு?