‘நிலைப்பு’ வேண்டாம், ‘பிடிமானம்’ வைப்போம்: செயற்கை விழிவில்லை முறைகளுக்கான சொற்கள்

வணக்கம் நண்பர்களே,

கண்புரை அறுவையில் எடுத்த இயற்கை வில்லைக்குப் பதிலாக வைக்கும் செயற்கை விழிவில்லையைக் கண்ணுக்குள் நிறுத்தும் முறைகளை, அவற்றின் நீண்டகால விளைவோடு ஒப்பிடும் நம் தமிழ்க் கட்டுரைக்கு ‘நிலைப்பு’ என்ற சொல்லை முன்மொழிந்திருக்கிறீர்கள். தையல்நிலைப்பு வில்லை, பசைநிலைப்பு வில்லை என்று அடுக்கிக்கொண்டே போகலாம், எளிது. ஆங்கிலச் சொல்லுக்கும் (fixation) நேராகத்தான் பொருந்துகிறது. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சொல் நோயாளிக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. அதைக் காப்பாற்றும் வலு இந்த முறைகளில் சிலவற்றுக்கு இல்லை.

என் தந்தைக்கு ஒரு கண்ணில் வில்லையைத் தாங்கும் பை கிழிந்துவிட்டது. அதனால் வெண்விழிச் சுவரோடு நூலால் தைத்து வில்லை வைத்தார்கள். கையில் கொடுத்த தாளில் ‘நிலையாகப் பொருத்தப்பட்டது’ என்று தமிழில் எழுதியிருந்தது. ஒன்பதாம் ஆண்டில் நூல் அறுந்து வில்லை சரிந்தது. அறுவையில் குறை ஒன்றும் இல்லை. மயிரிழையினும் மெல்லிய பாலிப்ரொப்பிலீன் நூல் கண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் நைந்துபோகக்கூடும் என்பது கண் மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாமல் போனது அப்பாவுக்கு. ‘நிலையாக’ என்று படித்தவர், இனி என்ன இருக்கிறது என்று பரிசோதனைக்குப் போவதையே விட்டிருந்தார்.

இந்தத் துறையின் வரலாறே பிடிமானத்தின் வரலாறுதான். ஆங்கிலேயக் கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் வைத்தார். போரில் அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் அக்ரிலிக் சிதறல்கள் கிடந்தும் கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதைப் பார்த்து, அதே வகைப் பொருளில் வில்லை செய்தவர் அவர். பொருள் தேர்வு சரி. ஆனால் அந்த வில்லை கனமாக இருந்தது, இரு பக்கமும் நீண்டு பற்றிக்கொள்ளக் கைகளும் இல்லை. பல கண்களில் நழுவியது. 1950களில் வேறு சிலர் கண்ணின் முன்னறைக் கோணத்தில், அதாவது முன்பக்க அறையின் ஓர மூலையில், வில்லையை ஊன்றிப் பார்த்தார்கள். நழுவுவது குறைந்தது, ஆனால் கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியாவின் உள்ளடுக்குச் செல்கள் அழிந்து கார்னியா வீங்கிப் பார்வை மங்கியது. பிறகு கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸில் வில்லையை மாட்டினார்கள். கடைசியில் இயற்கை வில்லை இருந்த பையையே மிச்சம் வைத்து, அதற்குள் புதியதை வைக்கக் கற்றார்கள். இன்று பெரும்பாலான கண்புரை அறுவைகள் அப்படித்தான் நடக்கின்றன. மற்ற முறைகள் பெரும்பாலும் பை இல்லாத, அல்லது பை தாங்காத கண்ணுக்கானவை.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘பிடிமானம்’. பேச்சில் உயிரோடு இருக்கிற சொல். கலைச்சொல்லுக்குரிய மிடுக்கு இதில் இல்லை என்று ஒருவர் குறைப்படலாம். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், இந்தச் சொல் தன் தோல்வியையும் சொல்ல இடம் தருகிறது. பிடிமானம் தளரும், பிடிமானம் விட்டுப்போகும், பிடிமானம் போதவில்லை என்றெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே சொல்கிறோம். ‘நிலைப்பு தளர்ந்தது’ என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் தன்னையே மறுக்கிறது. பத்தாண்டு, இருபதாண்டு கழித்து என்ன ஆகும் என்று ஒப்பிடுகிற கட்டுரைக்குத் தளர்வைச் சொல்ல முடியாத சொல் எப்படி உதவும்?

இனி ஒவ்வொன்றாக. பைக்குள் வைப்பது பைப்பிடிமானம், முன்னறைக் கோணத்தில் ஊன்றுவது கோணப்பிடிமானம், நூலால் தைப்பது தையல்பிடிமானம். இவற்றில் சிக்கல் இல்லை.

‘பசைவில்லை’ என்ற முன்மொழிவைத்தான் நாம் கட்டாயம் கைவிட வேண்டும் என்று நினைக்கிறேன். 2007இல் சென்னைக் கண் மருத்துவர் அமர் அகர்வால் தொடங்கிய முறைக்கு ஆங்கிலத்தில் பசையின் பெயர்தான் (glued IOL) நின்றுவிட்டது. ஆனால் அங்கே இடப்படும் ஃபைப்ரின் பசை (இரத்தம் உறையும்போது உருவாகும் புரதத்தால் ஆனது) சில வாரங்களில் உடலால் கரைக்கப்பட்டுவிடும். வெண்விழிச் சுவருக்குள் குடைந்த சிறு சுரங்கத்தில் வில்லையின் கையைச் செருகியிருப்பதுதான் ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது. பசையின் முக்கிய வேலை, மேலே மூடிய மடிப்பைக் காயம் ஆறும்வரை ஒட்டி வைப்பது. ‘பசை’ என்று பெயரிட்டால், பசை விட்டால் வில்லை விழும் என்று படிப்பவர் அஞ்சுவார். அது தவறான அச்சம். செருகுப்பிடிமானம் என்றால் உண்மை அப்படியே சொல்லுக்குள் இருக்கும்.

ஜப்பானியக் கண் மருத்துவர் யமானே 2017இல் வெளியிட்ட முறையில் நூலும் இல்லை, பசையும் இல்லை. மெல்லிய இரண்டு ஊசிகள் வழியாக வில்லையின் கைகளை வெளியே இழுத்து, நுனியைச் சூட்டால் உருக்கிச் சிறு மொட்டாக்கி, அந்த மொட்டை வெண்விழிக்குள் அமிழ்த்திவிடுகிறார்கள். குண்டூசியின் தலை துணிக்குள் புகாமல் தடுப்பதுபோல இந்த மொட்டு கையைத் தடுத்து நிறுத்துகிறது. ‘விளிம்புநிலைப்பு’ என்ற முன்மொழிவில் இந்தக் காட்சி தெரியவில்லை. மொட்டுப்பிடிமானம் என்கிறேன். கொண்டைப்பிடிமானம் என்றும் யோசித்தேன், ஆனால் கொண்டை என்றதும் தலைமுடிதான் நினைவுக்கு வருகிறது.

ஐரிஸைப் பிடிக்கும் வில்லைக்கு ‘நகவில்லை’ என்பது ஆங்கிலத்தின் (iris-claw) நிழல். நகம் கீறும், இது கீறுவதில்லை. நண்டு தன் கொடுக்கால் கவ்வுவதுபோல ஐரிஸின் ஒரு சிறு மடிப்பைக் கவ்விக்கொள்கிறது. ஆகவே கவ்வுப்பிடிமானம். இடத்தைச் சொல்லி ‘கருவிழிப்பிடிமானம்’ என்று வைக்கலாமே என்றால் வேறொரு வம்பு இருக்கிறது. செய்திகளில் ‘கருவிழி மாற்று’ என்பது கார்னியா மாற்றைக் குறிக்கிறது. வீட்டில் கருவிழி என்றால் கண்ணில் கறுப்பாகத் தெரியும் ஐரிஸ்தான். ஒரே சொல் இரண்டு உறுப்புகளுக்கு நிற்கும்வரை அதன்மேல் இன்னொரு சொல்லைக் கட்ட வேண்டாம்.

வில்லையின் இரு பக்கமும் நீளும் அந்த உறுப்புக்கு நான் முதலில் தாவரவியலின் ‘பற்றுக்கம்பி’யை எடுத்தேன். கொடி சுருண்டு பற்றுவதுபோலவே இருக்கும், அழகான ஒப்புமை. ஆனால் ஒரே துண்டாக வார்க்கப்படும் அக்ரிலிக் வில்லைகளில் அது கம்பியாக இல்லை, அகன்று தடித்திருக்கிறது. அந்த அகலத்துக்கு ஒரு விளைவும் உண்டு. அத்தகைய வில்லையைப் பைக்கு வெளியே ஐரிஸின் பின்னால் வைத்தால் ஐரிஸ் உரசி நிறத்துகள் உதிரும், கண்ணழுத்தம் ஏறலாம். இரண்டு வடிவத்துக்கும் பொதுவாகப் ‘பற்றுக்கை’ என்போம்.

ஒப்பீடு என்று வரும்போது இன்னொரு எச்சரிக்கை. ‘மேம்பட்ட’, ‘நவீன’ என்ற அடைகளைச் சொல்லுக்குள் நுழைக்கவே கூடாது. பை இல்லாத கண்களில் எந்த முறை மேல் என்பதை அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் 2003இல் மதிப்பாய்வு செய்தது, 2020இல் மறுபடியும் செய்தது. ஒன்று மற்றொன்றைவிட உயர்ந்தது என்று சொல்லச் சான்று போதாது என்றே இரண்டு முறையும் முடிவு வந்தது. அதில் வியப்பில்லை. ஆய்வுகளில் சேர்ந்த நூற்றுக்கணக்கான கண்களும் ஒரே மாதிரிக் கண்கள் அல்ல. ஒன்று அடிபட்ட கண், ஒன்று சிக்கலான அறுவைக்குப் பிந்தியது, ஒன்று பிறவியிலேயே தாங்கிழைகள் (பையைத் தாங்கும் மெல்லிய இழைகள்) தளர்ந்தது. 2017இல் வந்த முறைக்கு இருபதாண்டு விளைவு இன்னும் இருக்கவே முடியாது. பைப்பிடிமானம்கூட அழியாதது அல்ல. தாங்கிழைகள் நலிந்தால் பல ஆண்டுகளுக்குப் பிறகு பையோடு சேர்ந்தே வில்லை நழுவுவதுண்டு.

இதனால் இத்தனை ஆண்டு கழித்தும் இடத்தில் நிற்கும் வில்லைகளின் பங்கைக் குறிக்கும் ‘வில்லையின் உயிர்பிழைப்பு வீதம்’ (survival rate) என்ற மொழிபெயர்ப்பையும் மாற்றக் கேட்டுக்கொள்கிறேன். வில்லைக்கு உயிர் இல்லை. புற்றுநோய்க் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்த சொல்லைக் கண் நோயாளி படித்தால் பதறிப்போவார். ‘பிடிமான நீடிப்பு’ என்று எழுதலாம்: ‘பத்தாண்டுப் பிடிமான நீடிப்பு தையல்முறையில் இவ்வளவு, கவ்வுமுறையில் இவ்வளவு’. முழுதாக விழுந்தால் வீழ்தல், மையத்திலிருந்து விலகினால் மையவிலகல், ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்வு. மூன்றையும் ‘இடப்பெயர்ச்சி’ என்ற ஒரே சாக்கில் போட வேண்டாம். சாய்வுக்குக் கண்ணாடியை மாற்றினாலே சில நேரம் போதும், வீழ்தலுக்கு அறுவை வேண்டும்.

சொற்களைச் சோதிக்க, நோயாளிக்கான தாளில் வர வேண்டிய மூன்று வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன்:

“உங்கள் கண்ணில் வில்லை தையல்பிடிமான முறையில் வைக்கப்பட்டுள்ளது. இந்த நூல் பல ஆண்டுகள் கழித்துத் தளரக்கூடும். பார்வை திடீரென்று மாறினாலோ, வில்லையின் விளிம்பு கண்ணுக்குத் தெரிவதுபோல் இருந்தாலோ உடனே வாருங்கள்.”

இதையே ‘நிலைப்பு’ வைத்து எழுதி அனுப்புங்கள். இரண்டையும் மருத்துவம் படிக்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேட்டுவிட்டு முடிவு செய்வோம். கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் குழப்பமில்லாத இரண்டு சொற்கள் யாரிடமாவது இருந்தால் அவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.