சொந்தக் காளைக்குப் பிறந்த கிடாரிகள்: எல்லா மாட்டுக்கும் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

நிபோங் திபால் மாட்டுக்காரன்:
வணக்கம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி அப்பா காலத்திலிருந்து மாடு வளர்க்கிறோம், இப்போது பெரிதும் சிறிதுமாக 14 உருப்படி. பாலை வீட்டுக்கு வீடு ஊற்றுகிறேன், கோவிலுக்கும் கொடுக்கிறேன். ஐந்து வருடமாக ஒரே பொலிகாளைதான், கறுப்பு வெள்ளை, பிரீஷியன் கலப்பு. அதற்குப் பிறந்தவை நன்றாகக் கறப்பதால் விற்க மனம் வரவில்லை. இப்போது அந்தக் கிடாரிகளே சினைக்கு வந்துவிட்டன, தனியாகக் கட்ட இடமில்லை. பகலில் தோட்டத்துக்குள் மேயும்போது பக்கத்துக்காரர் காளையும் வந்து சேர்ந்துகொள்ளும், அதனால் எந்தக் கன்று எதற்குப் பிறந்தது என்றே சொல்ல முடியவில்லை. இந்த வருடம் ஒரு கிடாரி ஏழாம் மாதத்தில் கன்றை வீசிவிட்டது. இன்னொன்று ஈன்ற கன்று எழுந்து நிற்கவே இல்லை, மூன்றாம் நாள் போய்விட்டது. தெரிந்தவர் ஒருவர், எல்லா மாட்டுக்கும் முடி எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பு, பால் எவ்வளவு கறக்கும் என்பதுகூட அதில் வந்துவிடும் என்கிறார். 14க்கும் கணக்குப் போட்டால் நல்ல கிடாரி ஒன்றின் விலை வருகிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பி.எம். கொட்டகை:
தம்பி, முடியை அப்புறம் பார்க்கலாம், முதலில் ரத்தம். ஏழாம் மாதத்தில் வீசியது என்றதுமே எனக்குப் புருசெல்லா கிருமி நோய் ஞாபகம்தான் வந்தது. ஐந்து மாதத்துக்கு மேல் கன்று வீசினால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வெட்னரி ஆபீசில் சொல்லி மந்தை முழுவதற்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். இது மனிதருக்கும் வரும், விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியுமாக மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் எப்படியும் காய்ச்சித்தான் குடிப்பார்கள், எனக்குக் கவலை கோவில் பால்தான். அபிஷேகப் பாலைக் காய்ச்சாமலே கையில் வாங்கிக் குடிக்கிறார்கள், குழந்தைகளும் குடிக்கிறார்கள். முடிவு வரும் வரை கோவிலுக்கு ஊற்றாதீர்கள். இனி ஏதாவது வீசினால் கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.

கிடாரி வீடு, சுங்கை பாக்காப்:
பி.எம். அண்ணன் சொன்னதை முதலில் செய்யுங்கள். மரபணுப் பரிசோதனை நான் செய்திருக்கிறேன், எல்லா மாட்டுக்கும் இல்லை, ஒரு காளைக்கும் மூன்று கன்றுக்கும் மட்டும்.

அண்ணே, கன்று எழுந்து நிற்காததற்குப் பரம்பரைக் குறையும் காரணமாக இருக்கலாம். பிரீஷியன் ரத்தத்தில் பிளாட் (நோய் எதிர்ப்புச் சக்திக் குறை), சி.வி.எம். (முதுகெலும்புக் குறை) என்று மறைந்து வரும் குறைகள் உண்டு. தாய் தந்தை இரண்டும் சுமந்தால்தான் வெளியே வரும், அப்போதும் நாலு கன்றில் ஒன்றுக்கு. உங்கள் காளை சுமக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் மகள்களில் பாதி சுமக்கும், அந்த மகள்களோடு அதே காளை சேர்ந்தால் எட்டுக் கன்றில் ஒன்று போகும். ஆனால் காளை சுமக்கவில்லை என்றால், பசு எப்படி இருந்தாலும் அதற்குப் பிறந்த எந்தக் கன்றுக்கும் அந்தக் குறை வராது. அதனால் காளையை மட்டும் சோதித்தால் போதும், மற்ற 13க்கும் காசு மிச்சம்.

சோதனையில் நல்லபடியாக வந்தாலும் மகள்களோடு விடாதீர்கள். பரிசோதனைப் பட்டியலில் இருக்கிற குறைகளைத்தான் அது சொல்லும், இன்னும் பெயர் வைக்காத குறைகள் எத்தனையோ. அப்பன் மகள் சேர்ந்த கன்றுக்கு உள்ளினச் சேர்க்கை, அதாவது நெருங்கிய ரத்தம் சேரும் அளவு, 25 விழுக்காடு, ஒரே காளைக்கு வேறு வேறு தாயில் பிறந்தவை சேர்ந்தால் 12.5. மகள்கள் பருவத்துக்கு வருமுன் காளையை மாற்றிவிட வேண்டும். உங்களுக்கு அது கடந்துவிட்டது, இப்போதாவது மாற்றுங்கள்.

அப்பன் எது என்று தெரிய வேண்டுமானால் கன்று, தாய், உங்கள் காளை, பக்கத்துக்காரர் காளை, நான்கின் முடியும் வேண்டும். இரண்டு காளையும் அண்ணன் தம்பி என்றால் ஆய்வுக்கூடத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பிரித்துப் பார்ப்பது கடினம்.

முடியை வைத்து இவ்வளவு கறக்கும் என்று சொல்லும் பால் மதிப்பெண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் 2009 ஜனவரியில் ஹோல்ஸ்டீனுக்கும் ஜெர்சிக்கும் அது அதிகாரபூர்வமாக வந்தது, ஆயிரக்கணக்கான காளைகளின் மகள்கள் அங்கே கறந்த கணக்கை வைத்து. நம் மாட்டில் சாகிவாலும் எல்.ஐ.டி. என்ற உள்ளூர் இந்தியக் கறவை மாடும் கலந்து கிடக்கிறது, செபராங் பிறை வெயிலில் உண்ணியோடு நிற்கிறது. அந்த எண்ணை இதற்குப் பொருத்த முடியாது. காலை மாலை கறந்த லிட்டரை நோட்டில் எழுதி வாருங்கள்.

முடி எடுக்க முதல்நாளே வால் குஞ்சத்தைக் கழுவிக் காயவிடுங்கள். பத்துப் பதினைந்து முடியை விரலில் சுற்றி வெடுக்கென்று இழுக்க வேண்டும், வெட்டக்கூடாது. அடியில் குண்டூசித் தலைபோல வெள்ளையாக வேர் தெரிய வேண்டும், அதில்தான் மரபணு இருக்கிறது. முப்பது முடி சேர்ந்ததும் தாள் உறையில் போட்டு, மாட்டின் காது வில்லை நம்பரை எழுதுங்கள். நான் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தேன், உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடித்து, திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

சினை ஊசிக்காரர்:
ஊசிக்கு மாறுவதென்றால், வெளிநாட்டு ஹோல்ஸ்டீன் காளைப் பட்டியலில் பெயருக்குப் பின்னால் பாருங்கள். டி.எல். என்றால் பிளாட் இல்லை, டி.வி. என்றால் சி.வி.எம். இல்லை. பி.எல்., சி.வி. என்றிருந்தால் அந்தக் காளை சுமக்கிறது, வேண்டாம். இதற்குக் காசே கிடையாது.

நிபோங் திபால் மாட்டுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை ரத்தம் எடுக்க வருகிறார்கள். கோவில் குருக்களிடம் பேசிவிட்டேன், காரணத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார். அக்கா, இன்னொன்று. இரட்டைக் கன்றில் ஒரு பெண், கூடப் பிறந்தது காளை. இரண்டரை வயதாகியும் சூட்டுக்கே வரவில்லை. அதுவும் பரம்பரையா?

கிடாரி வீடு, சுங்கை பாக்காப்:
இல்லை அண்ணே. வயிற்றில் இருக்கும்போதே இரண்டுக்கும் ரத்தம் கலந்து, காளைக் கன்றின் சுரப்பு பெண் கன்றின் கருப்பையை வளரவிடாமல் செய்துவிடும். அப்படிப் பிறந்த பெண் கன்று பத்தில் ஒன்பது மலடுதான். இதற்கு முடி அனுப்பாதீர்கள், முடி வேரில் தெரியாது. கூடப் பிறந்த காளையின் அணுக்கள் ரத்தத்தில்தான் இருக்கும். திங்கட்கிழமை வருகிறவர்களிடம் அந்தக் கிடாரியைத் தனியாகக் காட்டி, இன்னொரு குழாய் எடுக்கச் சொல்லுங்கள்.