மெல்டெமி ஒதுக்கிய கரை

ஆகஸ்ட் முதல் வாரம் கிரீஸில் ஏதென்ஸ் பக்கமுள்ள லாவ்ரியோ துறையிலிருந்து கிளம்பினோம். நாங்கள் ஆறு பேர், நாற்பதடிப் பாய்மரப் படகு, கூடவே அதை ஓட்ட ஒரு கிரேக்க ஸ்கிப்பர். எங்களில் யாரிடமும் படகோட்டும் உரிமம் இல்லை. அது இல்லாதவர்களுக்குப் படகை மட்டும் தனியாக வாடகைக்குத் தரமாட்டார்கள். சீரோஸ், மிக்கோனோஸ், டெலோஸ் தீவுகள் என்று எக்செல்லில் அட்டவணையே போட்டு வைத்திருந்தோம். ஸ்கிப்பர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தார். அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

மெல்டெமி என்ற பெயரை அன்றுதான் கேட்டேன். ஜூலை, ஆகஸ்டில் ஈஜியன் கடலில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று. பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடி, துருக்கிப் பக்கம் குறையும்போது நடுவில் புகுந்து ஓடுகிறது. நமக்கு வாடை என்றால் போர்வை தேடும் காலம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது, கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பொங்குகிறது. காற்றின் வலிமையைச் சொல்லும் போபோர்ட் அளவில் 7 என்று முன்னறிவிப்பு. அதாவது மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர். மிக்கோனோஸ் போனால் திரும்பி வரும்போது அதை முகத்தில் வாங்க வேண்டும் என்றார் ஸ்கிப்பர். சரி, தெற்கே போவோம் என்று முடிவானது.

முதல் இரவு கித்னோஸ் தீவின் கொலோனா. மெல்லிய மணல் திட்டு, இருபுறமும் கடல். படம் எடுக்க ஏற்ற இடம், அவ்வளவுதான். மறுநாள் பாயைப் பாதியாகச் சுருக்கிக்கொண்டு செரிஃபோஸ் தீவுக்கு ஓடினோம். இரண்டு பேர் வாந்தி. ஒதுங்கிய இடம் மேகாலோ லிவாடி என்ற குடா. தீவின் தென்மேற்கில் இருப்பதால் வடகாற்றின் அலை உள்ளே வருவதில்லை. மலையிலிருந்து இறங்கும் வீச்சு மட்டும் படகை அப்படியும் இப்படியும் ஆட்டியது. அங்கேயே இரண்டு நாள் முடங்கினோம்.

டிங்கி என்ற சின்னத் துணைப்படகில் கரைக்குப் போனால் ஒரு சின்ன உணவுக்கடை, இடிந்த பெரிய கட்டடம், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த இரும்புப் பாலம். இது சுரங்க ஊர். இரும்புத் தாதை அந்தப் பாலத்திலிருந்துதான் கப்பலில் கொட்டினார்கள். 1916இல் வேலை நேரத்தைக் குறைக்கவும் பாதுகாப்புக்காகவும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது காவல்படை சுட்டு நான்கு பேர் இறந்தார்கள். ஊர்ப் பெண்களும் சேர்ந்து கல்லெறிந்தார்களாம். நினைவுச் சின்னம் கரையிலேயே இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னவர் கடையில் எங்கள் பக்கத்து மேசையில் இருந்த பெரியவர். அரைகுறை ஆங்கிலம், மீதி கைச்சாடை. அவர் அப்பா அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அங்கே சுரங்கம் உண்டா?" என்றார். நெய்வேலியைப் பற்றிச் சொன்னதும் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எத்தனை ஆழம், எத்தனை மணி நேர வேலை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் விடியலில் காற்று கொஞ்சம் அடங்கியது. எஞ்சினைப் போட்டு வடக்கே திரும்பினோம். மிக்கோனோஸை இன்றுவரை பார்க்கவில்லை.

———

நாங்கள் வேறு குழு, வேறு படகு. எங்களுக்கு மெல்டெமி தொல்லை அவ்வளவாக இல்லை, ஏதென்ஸுக்குத் தெற்கே சரோனிக் வளைகுடாப் பக்கம் போனோம். தொல்லை ஹைட்ரா துறைமுகத்தில் வந்தது. கார் கிடையாது, மூட்டை சுமக்கக் கழுதை என்று அழகான தீவு. துறைமுகம் மட்டும் உள்ளங்கை அளவு. முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகக் கரையில் ஒட்ட வேண்டும். எல்லோரும் அப்படியே போடுவதால் அடியில் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று. காலையில் எங்கள் நங்கூரத்தைத் தூக்கினால் பக்கத்துப் படகின் சங்கிலியும் கூடவே வந்தது. நாங்கள் கத்திக்கொண்டிருக்க, அந்தப் படகிலிருந்த எழுபது வயதுப் பாட்டி டிங்கியில் வந்தார். தன் சங்கிலிக்கு அடியில் ஒரு கயிற்றை விட்டு, இரு முனையையும் எங்கள் படகில் கட்டச் சொன்னார். பாரம் கயிற்றுக்கு மாறியதும் எங்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கினோம், அது நழுவி விலகியது. அப்புறம் கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்தால் போதும். ஐந்து நிமிட வேலை. நன்றி சொல்வதற்குள் போய்விட்டார், காபி ஆறுகிறதாம்.

———

நான் சொல்ல வந்தது சாப்பாடு பற்றி. செரிஃபோஸுக்குப் பக்கத்துத் தீவான சிஃப்னோஸ் போகிறவர்கள் ஞாயிறு மதியம் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ரெவிதாதா என்று ஒன்று. நம் கொண்டைக்கடலைதான். வெங்காயம், ஆலிவ் எண்ணெய் சேர்த்து மண்சட்டியில் மூடி, சனி இரவு விறகு அடுப்பில் வைத்துவிடுவார்கள். காலையில் வெண்ணெயாகக் குழைந்திருக்கும். என் மனைவி மிளகாய்த்தூள் கேட்டார். கடைக்கார அம்மா எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்துவிட்டு, முதல் கரண்டி வாய்க்குப் போகும்வரை அங்கேயே நின்றார்.